வீட்டிலேயே எஞ்சின் சென்சர் மாற்றுதல்: வன்னி வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வாகனம் நின்றுவிட்டால், அதை ஸ்கான் செய்யக்கூடிய கராஜைத் தேடிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ இழுத்துச் செல்ல வேண்டிய நிலை பலருக்கு உண்டு. இழுவைக் கூலி, சென்சரின் விலையைவிடக் கூடிவிடுவதும் உண்டு. சில சென்சர்களை வீட்டு முற்றத்திலேயே, சாதாரணச் சாவிகளைக் கொண்டு, பாதுகாப்பாகக் கழற்றிப் பூட்டலாம். ஆனால் கழற்றுவதற்கு முன்னர் அளந்து பார்க்க வேண்டும். கீழேயுள்ள விடைகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு விடயத்தையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன்.

என்னுடைய வாகனத்தில் சென்சர்கள் இருக்கின்றனவா?

பெற்றோலை இன்ஜெக்டர் வழியாகச் செலுத்தும் எந்தக் காரிலும், கொமன் ரெயில் டீசல் எஞ்சின் உள்ள எந்த வானிலும் அவை இருக்கும். விற்ஸ், வகன் ஆர், அல்ற்றோ போன்ற கார்களும் கே.டி.எச். வகை ஹயஸ் வான்களும் இந்தப் பிரிவில் அடங்கும். எஞ்சினின் சூடு, சுழலும் வேகம், உள்ளே போகும் காற்றின் அளவு, புகையில் எஞ்சும் ஒட்சிசன் ஆகியவற்றை வெவ்வேறு சென்சர்கள் அளந்து ஈ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின் சைகையாக அனுப்ப, அது எவ்வளவு எரிபொருளை எந்தக் கணத்தில் விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

3எல் எஞ்சின் பூட்டிய பழைய டொல்பின் வானில் டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வதால், சென்சர் பழுதாகி அந்த எஞ்சின் நின்றுபோகாது. காபரேற்றர் உள்ள முச்சக்கர வண்டியில் பிக்கப் கொயில் என்ற ஒன்று மட்டும், எஞ்சின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சரை ஒத்த வேலையைச் செய்கிறது.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட வைத்த கைகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. அந்தத் திறமை காதாலும் கையாலும் எஞ்சினை அறிந்த திறமை. அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் சென்சர் உள்ள எஞ்சினில் காது கேட்காத, கை உணராத ஐந்து வோல்ட் சைகை ஒன்று ஓடுகிறது. அதை மீற்றர் ஒன்றினால்தான் பார்க்க முடியும்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. சென்சர் போய்விட்டதா?

அப்படி முடிவெடுக்க வேண்டாம். அந்த விளக்கு எரியும்போது ஈ.சி.யூ. ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்து வைக்கிறது. உதாரணமாக பி0118 என்பது எஞ்சின் சூட்டு சென்சரின் இணைப்பில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள்படும். சென்சரின் உட்பகுதி அறுந்தாலும் அது வரும். வயர் அறுந்தாலும் வரும். வயரைச் சென்சரோடு இணைக்கும் பிளாஸ்டிக் செருகியான கப்ளர் கழன்று கிடந்தாலும் வரும். குறியீடு சொல்வது பழுதான பொருளின் பெயரை அல்ல, பழுது இருக்கும் மின்சுற்றை. குறியீட்டில் சென்சரின் பெயரைக் கண்டவுடன் புதியதொன்றை வாங்கிப் பூட்டி, விளக்கு அணையாததால் இன்னொன்றையும் வாங்கியவர்கள் பலர். வயல் சார்ந்த ஊர்களில் எலி கடித்த வயரும், மழைக்காலத்தில் பச்சை பூத்த கப்ளர் முனைகளும் சென்சரைப் போலவே பழுதுக்குக் காரணமாகின்றன.

குறியீட்டை வீட்டிலேயே வாசிக்க முடியுமா?

முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஓ.பி.டி. சொக்கெட் இருக்கும். அதில் கொளுவும் சிறிய புளூடூத் கருவியும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றும் போதும். ஒரு குடும்பமோ ஒரு ஓட்டுநர் சங்கமோ சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்திருப்பது மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட பழைய கார்கள் சிலவற்றோடு மலிவான கருவிகள் தொடர்புகொள்ளா. கருவி பழுதென்று எண்ணி வீசிவிட வேண்டாம். அதே கருவியை வேறொரு வாகனத்தில் கொளுவிப் பாருங்கள்.

குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே அழித்துவிட வேண்டாம். குறியீட்டோடு, அது பதியப்பட்ட வேளையில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்ற விபரமும் சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

என்னென்ன கருவிகள் தேவை?

டிஜிற்றல் மல்டிமீற்றர் ஒன்று, 10, 12, 19 மில்லிமீற்றர் சொக்கெட்டுகள், நீட்டுக் குழாய் ஒன்று, ரோர்ச் லைற், மெல்லிய தட்டைத் திருப்புளி, கொன்டக்ட் கிளீனர் ஸ்பிரே. சென்சர் வயர்களில் பல்பு பூட்டிய சோதனை விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் ஈ.சி.யூ.வைப் பழுதாக்கக்கூடும். மீற்றர் மட்டுமே.

தொடங்குவதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வாகனத்தில் காலையில் வேலை தொடங்குவதே சிறந்தது. சாவியை எடுத்துவிட்டு பற்றறியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். மின்விசிறி சாவி இல்லாமலும் சுழலத் தொடங்கும் வாகனங்கள் உண்டு என்பதால், மின்னழுத்தம் அளப்பதற்காகப் பற்றறியை இணைத்திருக்கும் வேளையில் விசிறிப் பக்கம் கையை வைக்காதீர்கள். வாகனத்துக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். மழையில் ஊறிய மண் முற்றத்தில் ஜக் அமிழ்ந்து சரியும். கீழே அகலமான கனத்த பலகை அவசியம்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் எதையும் தொட வேண்டாம். அவற்றில் உயிரைப் பறிக்கக்கூடிய உயர் மின்னழுத்தம் உண்டு. இந்த வாகனங்கள் ஓசையின்றி ‘ஓன்’ நிலையில் இருக்கும்போது எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதையும் மறவாதீர்கள்.

எஞ்சின் சூட்டு சென்சர் பழுதாகியிருப்பதை எப்படி அறிவது?

பெற்றோல் வழமையைவிடக் கூடுதலாகக் குடிக்கும். புகையில் கருமையும் பச்சைப் பெற்றோல் மணமும் இருக்கும். காலையில் எஞ்சின் இலகுவில் பிடிக்காது, அல்லது சூடான பின் மறுபடி இயங்க மறுக்கும். விசிறி ஓயாமல் ஓடும். கடைசி அறிகுறிக்குக் காரணம் உண்டு. சென்சரின் சைகை வராவிட்டால் ஈ.சி.யூ. எஞ்சினைக் காப்பதற்காக விசிறியைத் தொடர்ந்து ஓட விடுகிறது.

ஸ்கான் கருவி உள்ளவர்களுக்கு மிக எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், எஞ்சினை இயக்காமல், காலையில் சாவியை ‘ஓன்’ நிலைக்குத் திருப்பி, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சூட்டையும் உள்ளெடுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, அன்றைய காலைச் சூட்டுக்கு அண்மையில், அதாவது 25 முதல் 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஒன்று 28 எனவும் மற்றையது 60 எனவும் காட்டினால், அந்தச் சுற்றில் பழுது இருக்கிறது.

கூலன்ட் சூடு மறை 40 பாகை என்று காட்டினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. 140 பாகைக்கு மேல் காட்டினால் சென்சருக்குள் குறுக்கே தொடுகிறது, அல்லது வயர்கள் ஒன்றோடொன்றோ வாகன உடலோடோ தொடுகின்றன. இப்போது கப்ளரைக் கழற்றுங்கள். 140 காட்டிய இலக்கம் மறை 40க்கு இறங்கினால் பழுது சென்சருக்குள். இறங்காவிட்டால் பழுது வயரில். மறை 40 காட்டிய வாகனத்தில், கழற்றிய கப்ளரின் இரண்டு முனைகளையும் சிறு வயர்த் துண்டினால் இணையுங்கள். இலக்கம் 140க்கு ஏறினால் வயர் நலமாக உள்ளது, பழுது சென்சரில். ஏறாவிட்டால் வயரைத் தேட வேண்டும். இரண்டு வயர் மட்டுமே உள்ள சூட்டு சென்சரில்தான் இப்படி இணைக்கலாம். மூன்று வயர் சென்சர் எதிலும் இதைச் செய்யக் கூடாது.

ஸ்கான் கருவி இல்லை. வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதற்கு அடுப்பும் தண்ணீரும் போதும். சூட்டு சென்சருக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறைகின்ற ஒரு சிறு துண்டு. சென்சரைக் கழற்றியெடுத்து (கழற்றும் முறை அடுத்த விடையில்), மீற்றரை ஓம் அளவுக்குத் திருப்பி, இரு முனைகளையும் அதன் இரு ஊசிகளில் பிடியுங்கள். டொயோட்டா எஞ்சின்களில் பரவலாக உள்ள வகை 20 பாகையில் ஏறத்தாழ 2,300 முதல் 2,600 ஓம் வரையும், 80 பாகையில் ஏறத்தாழ 310 முதல் 330 ஓம் வரையும் காட்டும். நம்முடைய ஊரின் சாதாரணச் சூடு 20 பாகைக்கு மேல் என்பதால், முற்றத்தில் வைத்து அளக்கும்போது 2,000க்குச் சற்றுக் கீழே காட்டினால் பதற வேண்டியதில்லை. வேறு நிறுவனங்களின் இலக்கங்கள் சற்று வேறுபட்டாலும் போக்கு ஒன்றே.

ஒரு பழைய சட்டியில் நீரை வைத்து, சென்சரின் உலோக முனை மட்டும் நீருக்குள் இருக்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசிகள் உள்ள பகுதி நனையக் கூடாது. முனை சட்டியின் அடியைத் தொடவும் கூடாது. நெருப்பை மெதுவாக வைத்து மீற்றரையே பார்த்திருங்கள். இலக்கம் ஒரே சீராக இறங்கிக்கொண்டு வர வேண்டும். இடையில் திடீரென ஏறிக் குதித்தாலோ, ஓரிடத்தில் அசையாமல் நின்றாலோ, சுற்று அறுந்திருப்பதைக் குறிக்கும் ‘ஓ.எல்.’ என்று காட்டினாலோ சென்சர் பழுதுதான். நீர் கொதிக்கும்போது, 80 பாகைக்குரிய அளவைவிடக் கணிசமாகக் குறைந்து 200 ஓமை அண்டியிருக்கும். நல்ல சென்சர் என்றால் நெருப்பை அணைத்ததும் வந்த வழியே இலக்கம் திரும்பி ஏறும்.

கழற்றிய முனையில் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் அதையும் கவனியுங்கள். வன்னியின் பல கிணறுகளின் நீரில் சுண்ணாம்புத் தன்மை கூடுதலாக இருப்பதைக் கேத்திலின் அடியில் பார்த்திருப்பீர்கள். அதே நீரை றேடியேற்றருக்கு ஊற்றி வந்தால் சென்சரின் முனையிலும் அதே படிவு ஒட்டி, சூடு உள்ளே போய்ச் சேர்வதைத் தாமதப்படுத்தும். சில வேளைகளில் அதை மெதுவாகச் சுரண்டி நீக்கினாலே சென்சர் சரியாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

சூட்டு சென்சரை எப்படி மாற்றுவது?

பெரும்பாலும் தெர்மோஸ்டற் (எஞ்சின் சூடானதும் கூலன்டை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டுக்கு அருகில் அல்லது சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் அது பூட்டப்பட்டிருக்கும். டாஷ்போட் முள்ளுக்கென வேறொரு சென்சரும் உள்ள எஞ்சின்கள் உண்டு. ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்குரியது. இரண்டு வயர் உள்ளது ஈ.சி.யூ.வுக்குரியது. பெரும்பாலான வாகனங்களில் இப்படி வேறுபடுத்தலாம்.

ஆறிய எஞ்சினில் றேடியேற்றர் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விட்டு, மறுபடி இறுக மூடுங்கள். மூடியிருந்தால் சென்சரைக் கழற்றும்போது கூலன்ட் குறைவாகவே வெளியேறும். கீழே ஒரு பேசினை வையுங்கள். கப்ளரின் பூட்டு நாக்கை அமர்த்தி நேராக இழுக்க வேண்டும்; வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் இருந்த அந்த நாக்கு அப்பளம் போல நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும். ஆகவே திருப்புளியால் நெம்பாமல், விரலாலேயே அமர்த்திப் பொறுமையாகக் கழற்றுங்கள்.

புதிய சென்சரையும் அதற்குரிய வாசரையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பழையதை சொக்கெட்டினால் தளர்த்தி, கடைசிப் புரிகளைக் கையால் திருப்பி எடுத்த மறுகணமே துளையை விரலால் மூடி, புதியதை நுழைத்தால் ஒரு கோப்பை கூலன்டுக்கு மேல் போகாது. முதற் சில புரிகளைக் கட்டாயம் கையாலேயே சுற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், கோணலாகச் சாவியால் இறுக்கினால் புரி அழிந்து, சிறிய வேலை பெருஞ்செலவாகிவிடும். இறுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர், அதாவது சிறிய சாவியை ஒரு கையால் திடமாக இழுக்கும் அளவு. வாசர் உள்ள சென்சருக்கு வெள்ளை ரேப் சுற்ற வேண்டியதில்லை. உடல் வழியாக ஏர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சருக்கு ரேப் சுற்றினால் இணைப்பே கெட்டுவிடலாம்.

பின்னர் கூலன்டை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை இயக்குங்கள். தெர்மோஸ்டற் ஏறத்தாழ 82 பாகையில் திறக்கும்போது நீர்மட்டம் திடீரென இறங்கும். குமிழிகள் வந்து நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். உள்ளே காற்று தங்கினால் புதிய சென்சரும் தவறான சூட்டையே சொல்லும். ஒருமுறை சூடானதன் பின் அந்த மூடியை அன்று மீண்டும் திறக்க வேண்டாம்.

சிந்திய கூலன்ட் இனிப்புச் சுவையுள்ளது, ஆனால் நஞ்சு. நாய், ஆடு, கோழி நடமாடும் முற்றமென்றால் பேசினை உடனே அகற்றி, நிலத்தில் சிந்தியதை மண் போட்டு அள்ளி, விலங்குகள் கிளறாதபடி பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வெப்பமான ஊர் என்பதால் தெர்மோஸ்டற்றைக் கழற்றிவிட்டோம். இப்போது பி0128 வருகிறது. எந்த சென்சரை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டியதில்லை. தெர்மோஸ்டற்றைத் திரும்பப் பூட்டுங்கள். எஞ்சின் எதிர்பார்த்த நேரத்தில் போதிய சூட்டை அடையவில்லை என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. வெளியே 35 பாகை வெயில் என்றாலும் எஞ்சினுக்குத் தேவை 80 முதல் 95 பாகை வரையான உட்சூடு. அதை அடையாத எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாக எடுக்கும், ஓயிலில் கசடு சேரும், தேய்மானம் கூடும். எஞ்சின் கொதிக்கிறது என்பதற்காக அதைக் கழற்றியிருந்தால், அடைபட்ட றேடியேற்றரோ வேலை செய்யாத விசிறியோதான் உண்மையான காரணமாக இருக்கும். வெப்ப ஊருக்குத் தெர்மோஸ்டற் வேண்டாம் என்ற அறிவுரை எங்கும் பரவியிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

நன்றாக ஓடிய கார் சூடானதும் திடீரென நிற்கிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே இயங்குகிறது. காரணம் என்ன?

கிராங்க் சென்சர் பழுதாவதன் மிகவும் பழக்கமான அறிகுறி இதுவே. கிராங்க் தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்கள் இந்தச் சென்சரின் முனையைக் கடந்து போகும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின் துடிப்பு உருவாகிறது. சக்கரத்தில் வேண்டுமென்றே ஓரிடத்தில் பற்கள் விடப்பட்டிருக்கும். டொயோட்டாவில் 36 பற்களுக்கான இடத்தில் 2 இல்லாத சக்கரம் பரவலாக உள்ளது. அந்த இடைவெளியைக் கொண்டுதான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஈ.சி.யூ. அறிகிறது. துடிப்பு நின்றால் தீப்பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்காது. உள்ளேயுள்ள மெல்லிய கம்பிச் சுருளில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், சூட்டில் விரிந்து அறுபட்டு, ஆறியதும் மீண்டும் தொடும்.

ஆனால் சூடான பெற்றோல் பம்பும் இதே விளையாட்டைக் காட்டும். வேறுபடுத்துவதற்கு, வாகனம் நின்ற அந்த இடத்திலேயே, ஆற விடாமல் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது ஸ்கான் கருவியில் எஞ்சின் வேகத்தைப் பாருங்கள். 150 முதல் 250 வரை சுழற்சி காட்டினால் கிராங்க் சென்சர் பேசுகிறது; பெற்றோல் பக்கம் தேடுங்கள். பூச்சியத்திலேயே நின்றால் சந்தேகம் சென்சர் மீது வலுக்கிறது. இரண்டு வயர் உள்ள காந்தச் சுருள் வகை என்றால், கப்ளரைக் கழற்றிச் சூட்டோடு ஓம் அளவை எடுத்துவிடுங்கள். ஆறிய நிலையில் சில நூறு ஓம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம் வரை வாகனத்துக்கேற்பக் காட்டுவது, சூட்டில் ‘ஓ.எல்.’ என்று காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. மூன்று வயர் உள்ள ஹோல் வகைக்கு ஓம் அளந்து பயனில்லை. அதன் கப்ளரில் மின் வழங்கலும் ஏர்த்தும் வருகின்றனவா என்பதை மட்டும் மீற்றரில் பாருங்கள்.

கிராங்க் சென்சர் துளைக்குள் இறுகி வர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரேயொரு 10 மில்லிமீற்றர் போல்ட் கழன்றதும் சென்சர் கையோடு வந்துவிட வேண்டும். வராவிட்டால் துருநீக்கி எண்ணெயைச் சுற்றிலும் தெளித்துச் சிறிது நேரம் விட்டு, இடமும் வலமுமாகத் திருகித் திருகித் தளர்த்துங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் தலை உடைந்து, முனை உள்ளே தங்கிவிடும். வெளியே வந்த முனையில் இரும்புத் துகள்கள் தாடி போல ஒட்டியிருந்தால் அவற்றைத் துடைத்துப் பூட்டிப் பாருங்கள். சில வேளைகளில் பழுது அவ்வளவுதான். முனை ஓயிலில் ஊறியிருந்தால் கிராங்க் ஓயில் சீல் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய சென்சர் பூட்டினால் அதுவும் நெடுநாள் நிலைக்காது.

துளையைத் துணியால் துடைத்து, புதிய ஓ ரிங்கில் ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஓயில் பூசி, கையால் அமர்த்துங்கள். முழுவதும் இறங்கி அமர்ந்த பின்னரே போல்ட்டைப் பூட்ட வேண்டும். போல்ட்டை இறுக்கி சென்சரை உள்ளே இழுக்க முயன்றால், போல்ட் நுழையும் சென்சரின் காது உடையும். முனைக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் என்பதால், கீழே வாசர் எதையும் சேர்க்கக் கூடாது. வயரைப் பழைய கிளிப்புகளிலேயே கொளுவி, பெல்ட்டுக்கும் புகைக்குழாய்க்கும் எட்டாதபடி விடுங்கள்.

கிரவல் வீதியில் ஓடும் வாகனம். காற்று அளவு சென்சரை அடிக்கடி மாற்ற வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை வேளையில் வைக்கோல் தூசியும் செம்மண் தூசியும் சேர்ந்து, காற்று வடியின் (எயார் பில்ரரின்) ஓரத்தால் நுழைந்து, அந்தச் சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்துவிடும். அதற்கெனவே விற்கப்படும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்த வேண்டும். காபரேற்றர் கிளீனர் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்னும். துணியோ பஞ்சோ கம்பியை அறுக்கும். கொம்பிரசர் காற்றும் ஆகாது. முழுமையாகக் காய்ந்த பின்னரே மின் இணைப்பைக் கொடுங்கள். வடி தரமானதா, அதன் இறப்பர் ஓரம் முழுவதும் அமர்கிறதா என்று பார்க்காமல் சென்சரை மட்டும் கழுவுவது வீண்வேலை.

வயர்தான் பழுதென்று தெரிந்தது. எப்படிச் சரிசெய்வது?

முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவது எஞ்சின் அறைக்குப் பொருந்தாது. சூட்டில் ரேப்பின் பசை உருகி வழிந்து, உள்ளே ஈரம் புகும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்துங்கள். கிராங்க் சென்சரின் வயர் உலோக உறை போர்த்தியதாகவோ ஒன்றோடொன்று முறுக்கியதாகவோ இருந்தால் அதே அமைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அருகிலுள்ள வயர்களின் இரைச்சல் சைகையில் கலக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கியது போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனமென்றால், சென்சரைச் சந்தேகிக்கும் முன் ஒவ்வொரு கப்ளரையும் திறந்து, பச்சை பூத்த முனைகளைக் கொன்டக்ட் கிளீனரால் கழுவுங்கள். எலித் தொல்லைக்கு, நெல் மூடைகள் அடுக்கிய கொட்டிலுக்குள் வாகனத்தை நிறுத்தாமல் இருப்பதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன்.

எந்தச் சென்சர்களை வீட்டில் தொடக் கூடாது?

கொமன் ரெயில் டீசல் எஞ்சினின் எரிபொருள் அழுத்த சென்சரைத் தொடாதீர்கள். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். நூலளவு கசிவே தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், எஞ்சின் தட்டும் அதிர்வை அறியும் நொக் சென்சரும் முற்றத்து வேலை அல்ல. ஒட்சிசன் சென்சரைச் செய்யலாம், ஆனால் அது புகைக்குழாயில் துருப்பிடித்து இறுகியிருக்கும். 22 மில்லிமீற்றர் பிளவு சொக்கெட் இல்லாமல் முயல வேண்டாம்.

புதியதா, பழையதா, எங்கே வாங்குவது?

சேசி இலக்கத்தைக் கொடுத்துப் பாகத்தின் இலக்கத்தை அறிந்து வாங்குங்கள்; ‘விற்ஸ் சென்சர்’ என்று கேட்டு வாங்கினால் உருவம் பொருந்தி அளவு பொருந்தாத ஒன்று கையில் வரும். டொயோட்டாவின் கூலன்ட் சூட்டு சென்சர்கள் பல 89422 என்று தொடங்கும் இலக்கம் கொண்டவை. பழைய சென்சரின் உடலில் அச்சிட்ட இலக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்ததால், பழைய வாகனங்களையே நெடுங்காலம் ஓட்ட வேண்டியதாயிற்று. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்களுக்கு மதிப்புக் கூடியது. சூட்டு சென்சர் பழையதானாலும் சட்டியில் அளந்து பார்த்து எடுக்கலாம். கிராங்க் சென்சரைப் பழையதாக வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. சூட்டில் மட்டும் அறுபடும் பழுது கடை மேசையில் தெரியாது.

மாற்றிய பின்னும் விளக்கு அணையவில்லையே?

முதலில் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, அதே குறியீடுதான் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஸ்கான் கருவி இல்லாதவர்கள் பற்றறியின் மைனஸ் முனையைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பல வாகனங்களில் அது அழியும். றேடியோவுக்கு இரகசிய இலக்கம் இருந்தால் முன்னதாகவே எழுதி வையுங்கள். பற்றறி கழற்றிய பின் முதல் சில கிலோமீற்றர்களுக்கு எஞ்சின் சற்றுச் சமநிலையின்றி ஓடுவது வழமையானது. சில நிறுவனங்களின் வாகனங்களில் கிராங்க் சென்சரை மாற்றிய பின் ஸ்கான் கருவி மூலம் ஈ.சி.யூ.வுக்கு அதை மீளக் கற்பிக்க வேண்டும். டொயோட்டாவில் பொதுவாக அது தேவைப்படுவதில்லை.

அதே குறியீடு உடனேயே திரும்பி வந்தால், கப்ளர் ‘டிக்’ என்ற ஒலியோடு பூட்டியதா, ஊசிகளில் ஏதாவது பின்னுக்குத் தள்ளப்பட்டதா என்று பாருங்கள். அதன் பின் கப்ளர் முனையிலிருந்து ஈ.சி.யூ. வரை வயரைத் தொடர்ந்து அளந்து வாருங்கள். அந்த வேளையில் பற்றறி கழற்றப்பட்டும் ஈ.சி.யூ. கப்ளர் விடுவிக்கப்பட்டும் இருக்க வேண்டும். நல்ல வயர் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும்.